விம்கோ நகரிலிருந்து பேர்ன் வரை

(சென்னை விம்கோ நகர் நூலக வாசகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வரும் மே மாதம் நம் பகுதியிலிருந்து பதினொரு பேர் சுவிட்சர்லாந்துக்குச் சுற்றுலா போகிறார்கள். ஆண்டுக்கணக்கில் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. போவதற்கு முன் அந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அதனால் இன்றைய தலைப்பு: ஒரு நாட்டுக்குப் போகும் முன் அந்த நாட்டை அறிந்துகொள்வது எப்படி?

நான் ஏன் ஒப்புக்கொண்டேன் தெரியுமா? நான் அந்த நாட்டுக்கு ஒருமுறை போனவன், எதுவும் அறியாமல் போனவன். ஏழு நாள் பயணம். பனிமலை பார்த்தேன். ஏரியில் படகில் போனேன். நம் சினிமாக்காரர்கள் பாட்டு எடுத்த பச்சைச் சரிவில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் பேர்ன் நகரத்திலிருந்து தெற்கே மலை ஏறும் மெதுவான ரயிலில் போனபோது ஃப்ரூட்டிகன் என்ற ஊர் வந்தது. ரயில் நின்றது, கிளம்பியது. பெயர்ப்பலகையைப் பார்த்தேன், படித்தேன், மறந்தேன். அந்த ஊருக்கும் நான் பிறந்து வளர்ந்த இந்தத் தெருவுக்கும் என்ன உறவு என்று ஊர் திரும்பிப் பல மாதம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஊரில் இறங்கி ஐந்து நிமிடமாவது நின்றிருக்க வேண்டும் என்ற ஏக்கம் இன்னும் போகவில்லை. உங்களுக்கு அந்த ஏக்கம் வரக்கூடாது.

என்ன உறவு? சொல்கிறேன்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்தின் பெயர் என்ன? விம்கோ நகர். மெட்ரோ ரயிலில் கடைசி நிறுத்தம் என்று இன்று ஊருக்கே தெரியும். ஆனால் விம்கோ என்றால் என்ன? வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. 1923-இல் சுவீடன் நாட்டுக்காரர்கள் தொடங்கிய தீப்பெட்டிக் கம்பெனி. கப்பல் படம் போட்ட தீப்பெட்டியை நம் பாட்டிமார் அடுப்பங்கரை மாடத்தில் வைத்திருந்தார்களே, அந்தக் கம்பெனி. ஒரு தீக்குச்சியின் பெயரைத்தான் நாம் நம் முகவரியில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தீக்குச்சி எப்படிப்பட்டது? உரசினால் எரிகிறது, ஊதினால் அணைகிறது. செய்தவரைக் கொல்வதில்லை. இது என்ன பெரிய விஷயம் என்று கேட்காதீர்கள். ஒரு காலத்தில் தீக்குச்சி, செய்தவரைக் கொன்றது.

19-ஆம் நூற்றாண்டில் மலிவான தீக்குச்சியின் முனையில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. சுவரில் உரசினாலும் பற்றும், செருப்பில் உரசினாலும் பற்றும். அந்த மருந்தில் குச்சியை முக்குகிறவர்கள் அதன் புகையை நாள் முழுக்கச் சுவாசித்தார்கள். முதலில் பல் வலி வரும். பல்லைப் பிடுங்குவார்கள், புண் ஆறாது. பிறகு தாடை எலும்பே அழுகும். தாடையை வெட்டி எடுத்தால்தான் உயிர் பிழைக்கலாம் என்ற நிலை வரும். பிழைத்தவர்களும் அந்த முகத்தோடு வாழ வேண்டும்.

லண்டனில் 1888-ஆம் ஆண்டு ஜூலையில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் ஏறக்குறைய ஆயிரத்து நானூறு பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் நிலையைப் பத்திரிகையில் எழுதி ஊரறியச் செய்து, அவர்களோடு நின்ற பெண்மணி யார்? அன்னி பெசன்ட். அதே அன்னி பெசன்ட்தான் பிறகு நம் அடையாறுக்கு வந்து வாழ்ந்தார். அவரோடு அடையாறில் பணியாற்றிய பி.பி. வாடியாதான் 1918 ஏப்ரலில் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். பார்த்தீர்களா, தீக்குச்சியின் நெருப்பு எங்கிருந்து எங்கே வருகிறது?

இப்போது ஃப்ரூட்டிகனுக்கு வருவோம். பேர்ன் மாநிலத்து மலைப்பள்ளத்தாக்கு. அங்கே நிலம் குறைவு, குளிர்காலம் நீளம், வேறு கூலி வேலையும் இல்லை. தீப்பெட்டித் தொழில் அங்கே வந்தது. வீட்டுக்கு வீடு செய்தார்கள். பிள்ளைகள் குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். சிவகாசிப் பக்கம், கோவில்பட்டிப் பக்கம் உறவு உள்ளவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். தீப்பெட்டி ஆபீஸ் வண்டி விடிவதற்கு முன்னே ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன காலத்தைக் கண்ணால் பார்த்தவர்களும் இருப்பீர்கள். அதே காட்சிதான் அங்கேயும். பனிமலை பின்னணியில் இருந்தால் பசி குறைந்துவிடுமா?

அந்த நாடு 1877-இலேயே தொழிற்சாலைச் சட்டம் போட்டது. பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக்கூடாது என்றது, வேலை நேரம் பதினொரு மணிக்கு மேல் கூடாது என்றது. ஆனால் வீட்டுக்குள் நடக்கும் வேலையைச் சட்டம் எட்டிப் பார்க்குமா? வெள்ளைப் பாஸ்பரஸுக்குத் தடை கொண்டுவந்தார்கள். திருட்டுத்தனமாகத் தயாரிப்பு நடந்தது, கட்டுப்படுத்த முடியவில்லை. சில ஆண்டுகளில் தடையை அவர்களே விலக்கிக்கொண்டார்கள். பிறகு 1898-இல் மறுபடியும் தடை செய்தார்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, கவனியுங்கள். ஒரு நாடு மட்டும் நல்ல மருந்துக்கு மாறினால் அந்த நாட்டுத் தீப்பெட்டி விலை கூடும். பக்கத்து நாட்டு விஷத் தீப்பெட்டி மலிவாக வந்து சந்தையைப் பிடிக்கும். நல்லது செய்தவன் நஷ்டப்படுவான். அப்படியானால் வழி? எல்லா நாடும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே நாளில் கைவிட வேண்டும். அப்படி உட்கார்ந்த இடம்தான் பேர்ன். 1906 செப்டம்பர் 26. வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைச் செய்யவும் விற்கவும் இறக்குமதி செய்யவும் கூடாது என்று அங்கே ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. தொழிலாளியின் உடல்நலத்துக்காக நாடுகள் கூடிச் செய்த முதல் உடன்படிக்கைகளில் அது ஒன்று. ஜெனிவாவில் இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்கு அதுதான் விதை. இந்தியாவில் 1913-இல் அதே தடை சட்டமாக வந்தது. அதற்குப் பத்தாண்டு கழித்து விம்கோ.

ஆக, இந்த ஊர்த் தொழிலாளி தீப்பெட்டி செய்தும் தாடையோடு வீடு திரும்பினார் என்றால், அதில் பேர்ன் நகரத்தில் போட்ட கையெழுத்துக்கும் பங்கு உண்டு. அங்கே போகும் பதினொரு பேரும் கடிகாரக் கோபுரத்தைப் பார்ப்பீர்கள், கரடிப் பூங்கா பார்ப்பீர்கள். பாருங்கள். கூடவே இதையும் நினையுங்கள். மலைக்குப் போகும்போது வேகமான ரயிலில் ஏறாதீர்கள். அது ஃப்ரூட்டிகனுக்குப் பக்கத்திலேயே சுரங்கத்துக்குள் புகுந்துவிடும். காண்டர்ஸ்டேக் வழியாக ஏறும் மெதுவான ரயிலைப் பிடியுங்கள்.

தீக்குச்சியை விட்டு ரயிலுக்கு வந்துவிட்டோம். ரயில் என்றால் நமக்கு என்ன நினைவு வரும்? ஐ.சி.எஃப்.

பெரம்பூர் ஐ.சி.எஃப்., அதாவது ‘இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி’ என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2-ஆம் தேதி பிரதமர் நேரு திறந்துவைத்தார். அதற்குத் தொழில்நுட்பம் தந்தவர்கள் யார்? சூரிச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் ஷ்லீரன் என்ற சிறிய ஊரின் வண்டிக் கம்பெனி. 1949-இல் ஒப்பந்தம். அங்கிருந்து பொறியாளர்கள் இங்கே வந்தார்கள், நம் பிள்ளைகளுக்கு வேலை கற்றுக்கொடுத்தார்கள்.

என் அப்பா அங்கே ஷெல் பிரிவில் வெல்டர். பெட்டியின் கூடு செய்யும் பிரிவு அது. தொடக்க ஆண்டுகளில் அங்கே கூடு மட்டும்தான் செய்தார்கள். இருக்கை, விளக்கு, பலகையெல்லாம் பொருத்தும் பிரிவு 1962-இல்தான் வந்தது. ‘இன்டெக்ரல்’ என்றால் என்னப்பா என்று சின்ன வயதில் கேட்டேன். சாப்பாட்டு டப்பாவை எடுத்து மூடியை மூடி என் கையில் கொடுத்து, அழுத்திப் பார் என்றார். அழுந்தவில்லை. மூடியைத் திறந்துவிட்டு, இப்போது அழுத்து என்றார். வளைந்தது. அவ்வளவுதான் விளக்கம். பழைய பெட்டியில் அடியில் இருக்கும் சட்டம்தான் எல்லாப் பாரத்தையும் தாங்கும், மேலே மரக்கூண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். மோதினால் மரம் நொறுங்கும், ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி புகுந்துவிடும், உள்ளே இருப்பவர் கதி அதோகதி. ஷ்லீரன்காரர்கள் 1930-களிலேயே எடை குறைந்த எஃகுப் பெட்டி செய்தார்கள். தரை, பக்கச் சுவர், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைத்து எல்லாம் சேர்ந்து பாரம் தாங்கும். மலை ஏறும் நாட்டுக்கு எடை குறைவான வண்டி தேவைப்பட்டது. நமக்கு மோதினாலும் உயிர் காக்கும் வண்டி தேவைப்பட்டது. இரண்டு தேவையும் பெரம்பூரில் சந்தித்தன.

அந்த வடிவமைப்பில் செய்த கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில்தான் வெளியே வந்தது. அறுபது ஆண்டுக்கு மேல்! காசிக்குப் போனவர், கல்யாணத்துக்குப் போனவர், பட்டாளத்துக்குப் போனவர், பிழைப்புக்கு ஊரை விட்டுப் போனவர், எல்லோரையும் அந்த நீலப் பெட்டியும் அதற்கு முன் அந்தச் செங்காவிப் பெட்டியும் சுமந்தன. கற்றுக்கொடுத்த ஷ்லீரன் கம்பெனி 1980-களில் மூடப்பட்டுவிட்டது. கற்றுக்கொண்ட பெரம்பூர் இன்று வந்தே பாரத் செய்கிறது. சூரிச்சிலிருந்து ஷ்லீரனுக்குப் புறநகர் ரயிலில் சில நிமிடம்தான். போய் இறங்குங்கள். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று ஒரு படம் எடுங்கள். எனக்கு அனுப்புங்கள், என் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டுகிறேன்.

அடுத்து, கப்பல். நாம் கடலோரத்துக்காரர்கள். காசிமேட்டில் வலை, எண்ணூரில் துறைமுகம், வீதியெல்லாம் கன்டெய்னர் லாரி. கடலே இல்லாத நாட்டோடு நமக்குக் கடல் வழியாக உறவு இருக்குமா? இருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் எம்.எஸ்.சி. என்று பெரிதாக எழுதிய கன்டெய்னர்களைத் தினமும் பார்க்கிறீர்கள். உலகத்திலேயே பெரிய கன்டெய்னர் கப்பல் கம்பெனி அது. தலைமையகம் எங்கே? ஜெனிவாவில். கடலற்ற நாட்டுக்கும் கொடி பறக்கும் கப்பல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று 1921-இல் பார்சிலோனாவில் நாடுகள் ஏற்றுக்கொண்டன. 1941-இல், சுற்றிலும் போர் நடக்கும்போது, உணவு கொண்டுவர வேறு வழியில்லாமல் சுவிஸ் அரசு அந்த உரிமையைக் கையில் எடுத்தது. சுவிஸ் கொடி பறக்கும் கப்பல்களின் பின்புறத்தில் சொந்தத் துறைமுகம் என்று எழுதியிருக்கும் பெயர் பாசல். கடலிலிருந்து ரைன் ஆற்றில் 800 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் ஊர்!

பாசல் என்றதும் ஓர் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது மனம் கனக்கும் கதை.

1986 நவம்பர் 1. நள்ளிரவு தாண்டியிருந்தது. பாசலுக்கு அருகே ஷ்வைட்சர்ஹாலே என்ற இடத்தில் சாண்டோஸ் கம்பெனியின் ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. உள்ளே ஆயிரம் டன்னுக்கு மேல் பூச்சிமருந்தும் மற்ற ரசாயனமும். விடியுமுன் சங்கு ஊதினார்கள். ஜன்னலை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று அறிவித்தார்கள். தீயை அணைக்க அடித்த தண்ணீர் ரசாயனத்தோடு சேர்ந்து ரைன் ஆற்றில் இறங்கியது. ஆறு சிவந்தது. விலாங்கு மீன் லட்சக்கணக்கில் செத்து மிதந்தது. ஆறு ஜெர்மனி வழியாக, ஹாலந்து வரை ஓடுகிறது. விஷமும் அத்தனை நாட்டையும் தொட்டுக்கொண்டே போனது.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு எந்த இரவு நினைவுக்கு வருகிறது? எனக்குத் தெரியும். 2023 டிசம்பர் 26. பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்த நள்ளிரவு. கண் எரிந்து, மூச்சு முட்டி, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினோமே, எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்ல ஒரு சங்கு ஊதியதா? அதே மாதத்தில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்தது. படகில் எண்ணெய், வலையில் எண்ணெய், அலையாத்தி வேரில் எண்ணெய். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளி வாளியாகக் கையால் அள்ளியவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள்.

பாசல்காரர்கள் என்ன செய்தார்கள்? தெருவில் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கில் இறங்கினார்கள். மறு ஆண்டே ரைன் கரை நாடுகள் சேர்ந்து ஆற்றை மீட்கத் திட்டம் போட்டன. ஆற்றுக்கு சால்மன் மீனைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று குறிக்கோள் வைத்தார்கள். ரசாயனக் கிடங்கு வைத்திருப்பவர் தீயணைப்பு நீரைத் தேக்கிவைக்கத் தொட்டி கட்ட வேண்டியதாயிற்று. பெருவிபத்துத் தடுப்புக்கென்றே 1991-இல் ஒரு விதி வந்தது. இன்று கோடைகாலத்தில் பாசலுக்குப் போனால் ஒரு காட்சி பார்ப்பீர்கள். ஆபீஸ் முடிந்தவர்கள் உடுப்பைத் தண்ணீர் புகாத பையில் சுருட்டிக் கட்டிக்கொண்டு, அதே ரைன் ஆற்றில் இறங்கி, நீரோட்டத்தோடு நீந்தி வீட்டுக்குப் போவார்கள். அந்தக் கரையில் உட்கார்ந்து பாருங்கள். நம் கொசஸ்தலை ஆற்றை நினைத்துக்கொண்டு பாருங்கள். ஆறு செத்தால் செத்ததுதான் என்று நம்மிடம் யாராவது சொன்னால், நான் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல நமக்குப் பதினொரு சாட்சி வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் அந்த நாடு சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 1952 ஜனவரியில், முதல் பொதுத்தேர்தலில், என் பாட்டி திருவொற்றியூரில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். கையெழுத்துப் போடத் தெரியாதவர். அதே நாளில் சூரிச்சில் பட்டம் படித்த பெண்ணுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு இல்லை! 1959-இல் பெண்களுக்கு ஓட்டுக் கொடுக்கலாமா என்று ஆண்களிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் வேண்டாம் என்றார்கள். 1971 பிப்ரவரியில்தான் கிடைத்தது. அப்பென்ஸெல் என்ற ஒரு சிறு மாநிலத்தில், அந்த ஊர் ஓட்டுக்கு, 1990-இல் நீதிமன்றம் சொல்லித்தான் கொடுத்தார்கள். நம் பாட்டிமார் எவ்வளவு பெரிய காரியத்தை எவ்வளவு சாதாரணமாகச் செய்தார்கள்!

ஆனால் ஓட்டு விஷயத்தில் அவர்களிடம் ஒன்று எனக்குப் பிடிக்கும். சட்டம் பிடிக்கவில்லையா? நூறு நாளுக்குள் ஐம்பதாயிரம் கையெழுத்து வாங்கிவிட்டால் அதை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். 2012-இல் ஒரு கேள்வி வந்தது. எல்லாத் தொழிலாளிக்கும் சம்பளத்தோடு ஆண்டு விடுப்பு நான்கு வாரம் இருக்கிறதே, ஆறு வாரம் ஆக்கலாமா? நம்மிடம் கேட்டால் என்ன சொல்வோம்? அவர்கள் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். சிறிய கம்பெனிகள் தாங்காது, வேலை போகும் என்ற வாதம் எடுபட்டது. சரியா தவறா என்று தொழிற்சங்கத் தோழர்கள் தேநீர் நேரத்தில் விவாதிக்கலாம். விடுப்பு எத்தனை நாள் என்று தொழிலாளியிடமே நாடு கேட்டது பாருங்கள், அந்தக் கேள்விக்காகவே எனக்கு அந்த நாட்டின் மேல் மரியாதை.

அங்கே நம் மொழி பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்கள். இன்று ஐம்பதாயிரம் பேர் அளவுக்கு இருக்கிறார்கள். முதலில் போனவர்கள் ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினார்கள், ஆஸ்பத்திரித் தரை துடைத்தார்கள். அவர்கள் பிள்ளைகள் இன்று அதே ஆஸ்பத்திரியில் டாக்டர்கள். பேர்னில் ஐரோப்பாத் திடலில் சமயங்களின் இல்லம் என்று ஒரு கட்டடம் 2014-இல் திறந்தார்கள். ஒரே கூரையின் கீழ் மசூதி, தேவாலயம், பௌத்தர் கூடம், அவற்றோடு சிவன் கோவில். ஞானலிங்கேச்சுரர். தமிழிலேயே வழிபாடு. நம் திருவொற்றியூர் ஒற்றீசரைக் கும்பிட்டவர்கள் அங்கே போய் நின்றால் அந்நியமாக இருக்காது. ஆகஸ்டில் பாசல் பக்கத்து மரியாஸ்டைன் மாதா கோவிலுக்குத் தமிழர்கள் சாதி சமயம் பார்க்காமல் கூட்டமாகப் போவார்கள். வேளாங்கண்ணி நினைவுதான்.

ஒரு வேண்டுகோள். அவர்களிடம் பேசும்போது, எப்போது வந்தீர்கள், எப்படி வந்தீர்கள் என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் சாவு இருக்கும். அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள்.

நடைமுறைக் காரியங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பரப்பளவில் அந்த நாடு தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மொழியோ நான்கு: ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலி, ரொமான்ஷ். ஒரே ரயில் பயணத்தில் அறிவிப்பு மொழி மாறும், பயப்படாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது உறுப்பினர் இல்லை, பணம் யூரோ இல்லை, ஃபிராங்க். ஆனால் ஷெங்கன் விசா செல்லும். தெருக்குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். குடிக்கக்கூடாத இடத்தில் எழுதிப்போட்டிருப்பார்கள். பாட்டில் தண்ணீருக்குக் காசைக் கொட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடை மூடியிருக்கும், சனிக்கிழமையே ரொட்டி வாங்கி வையுங்கள். ரயில் சொன்ன நிமிடத்தில் கிளம்பிவிடும். பதினொரு பேரும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்காது.

நான் பேசியது படித்ததையும் கேட்டதையும் வைத்து. நம் முன்வரிசையில் எண்பத்து நான்கு வயதுப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஐ.சி.எஃப்.பில் பயிலுநராகச் சேர்ந்து, சுவிஸ் பொறியாளர்களிடம் வேலை கற்ற மேஸ்திரிகளிடம் வேலை கற்றவர். பற்றவைத்த இடத்தை விரலால் தடவியே குறை சொல்லிவிடுவார் என்று என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அவரிடம் இரண்டு வார்த்தை கேட்போம். ஐயா, மேடை ஏற வேண்டாம், அங்கேயே உட்கார்ந்து பேசுங்கள், மைக்கை நான் கொண்டுவருகிறேன்.